செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு என்ன நடக்கிறது? எங்கள் ரோட்டரி சங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் இருக்கும் ஒரு ரோட்டரி சங்கத்தில் இரண்டு வருஷமாக நிகழ்ச்சிப் பொறுப்பு என் தலையில். வாராவாரம் பேச்சாளரைத் தேடிப் பிடிப்பது, அவரை வண்டி ஏற்றிக் கொண்டுவருவது, மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம். புதிதாகச் சேர நினைப்பவர்களும் பேச வருபவர்களும் போனில் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வாரம் ஒருமுறை கூடி அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

செவ்வாய் இரவு ஏழரைக்குத் தலைவர் மணி அடிப்பார். இறைவணக்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று நால்வழிச் சோதனையைச் சொல்வோம். அது நான்கு கேள்விகள். இது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லோருக்கும் நன்மை தருமா? சிகாகோவில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைக் கரையேற்றப் போன ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல் தன் ஊழியர்களுக்காக எழுதியது இது. 1943-இல் ரோட்டரி இதைத் தனதாக்கிக்கொண்டது. எங்கள் சங்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் அதிகம். முதல் கேள்வியைச் சொல்லும்போது சிலருடைய குரல் கொஞ்சம் இறங்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் செயலாளர் அறிவிப்புகள், பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து, அபராதம் வசூலிக்கும் சார்ஜென்ட்டின் உண்டியல். எட்டு மணிக்குள் விருந்தினர் பேச ஆரம்பித்துவிட வேண்டும். பேச்சு, கேள்வி, நன்றியுரை, தேசிய கீதம், மறுபடி மணி. சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடலாம்.

வாராவாரம் கட்டாயம் வர வேண்டுமா?

ரோட்டரி என்ற பெயரே கூட்டம் நடத்திய விதத்திலிருந்து வந்ததுதான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும், ஒரு சுரங்கப் பொறியாளரும், ஒரு நிலக்கரி வியாபாரியும், ஒரு தையல் கடைக்காரரும் கூடினார்கள். அடுத்தடுத்த கூட்டங்களை ஒருவர் அலுவலகம் மாற்றி இன்னொருவர் அலுவலகம் என்று சுழற்சியில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சுழற்சிதான் பெயராகிவிட்டது.

ரொம்ப காலமாக வாரம் ஒரு கூட்டம் என்பது கண்டிப்பாக இருந்தது. 2016-இல் விதி தளர்ந்து, மாதத்துக்கு இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்று ஆனது. எங்கள் சங்கத்திலும் அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. குறைத்தால் கூட்டம் நிறையும் என்று ஒரு கட்சி. பதினைந்து நாள் பார்க்காமல் இருந்தால் முகமே மறந்துவிடும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கடைசியில் ஒரு சமரசம்: மூன்று செவ்வாய்கள் அரங்கில், மாதத்தின் கடைசி வாரம் ஞாயிறு காலை வெளியில்.

ஞாயிறு காலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் உறுப்பினர் நடுராத்திரி தாண்டியதும் சந்தையில் நிற்க வேண்டியவர். அவரை இரவு ஒன்பதரை வரை உட்காரவைத்தால் பாதிப் பேச்சிலேயே தலை சாய்ந்துவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவருக்கும் அதே கதை. பால்வெட்டு விடியுமுன் தொடங்கிவிடுகிறது. இவர்களை ‘வருகை குறைவு’ என்று பட்டியலில் போட்டு வைப்பதைவிட நாங்கள் கிழமையை மாற்றிக்கொள்வது சுலபம்.

வெளியூர் போனால் அங்கிருக்கும் எந்த ரோட்டரி சங்கத்தின் கூட்டத்திலும் போய் உட்காரலாம். அதை இங்கே தவறவிட்ட கூட்டத்துக்கு ஈடான வருகையாகக் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

சேவை செய்யத்தானே சங்கம்? பேச்சு எதற்கு?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். நியாயமான கேள்வி. ‘பேசினது போதும், வேலையைப் பார்ப்போம்’ என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுண்டு.

ஆனால் அடுத்த சங்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. லயன்ஸ் சங்கம் என்றால் கண் சிகிச்சை முகாம் என்று நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். லயன்ஸ் 1917-இல் தொடங்கியபோது கண் அவர்களுடைய வேலை இல்லை. 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவித்திறனும் இல்லாத அந்த அம்மையார், பார்வையற்றோருக்காக இருளை எதிர்க்கும் வீரர்களாக வாருங்கள் என்று கேட்டார். நூறு வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சங்கம் இன்னும் கண் வேலையை விடவில்லை. விருந்தினர் ஒருவரின் பேச்சு அது, அவ்வளவுதான்.

எங்கள் அளவில் நடந்ததையும் சொல்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று பெரிய ரத்ததான முகாம் நடத்துவது எங்கள் வழக்கம். பந்தல், பேனர், பழச்சாறு, போட்டோ எல்லாம் உண்டு. ஒரு செவ்வாய் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் ஒருவரைப் பேசக் கூப்பிட்டோம். பாராட்டுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். மனிதர் எழுந்து, ‘ஒரே நாள்ல இவ்வளவு பேரு வந்தா நான் எங்க கொண்டு வைப்பேன்? ஐப்பசி மழையில டெங்கு வரும்லா, அப்ப எனக்கு யாரு தருவா?’ என்று கேட்டார்.

பிறகு கணக்கு சொன்னார். ரத்தத்தைப் பிரித்தெடுத்தால் சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை குளிரில் வைக்கலாம். தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். ஆண் ஒருவர் ஒருமுறை கொடுத்தால் 3 மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும், பெண்ணுக்கு 4 மாதம். அப்படியென்றால் ஆகஸ்ட் 15-இல் கொடுத்த அத்தனை பேரும் நவம்பர் நடுப்பகுதிவரை கைகட்டி நிற்க வேண்டியதுதான். நாங்கள் தேசபக்தியோடு செய்த காரியம், தேவைப்படும் மாதத்தில் ஆளில்லாமல் செய்துகொண்டிருந்தது.

அந்த இரவே முகாமை உடைத்தோம். இப்போது வருஷத்துக்கு ஐந்து சின்ன முகாம்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள். ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி இரண்டும் போட்ட ஒரு நோட்டு செயலாளரிடம் இருக்கிறது. பேனர் செலவு மிச்சம். போட்டோ கொஞ்சம் குறைந்துவிட்டது என்று சிலருக்கு வருத்தம்.

பேச்சு எதற்கு என்று கேட்டால் இதுதான் என் பதில். எங்கள் வேலைகளில் உருப்படியானவை எல்லாம் யாரோ ஒருவர் வந்து ‘நீங்கள் செய்வது தப்பு’ என்று சொன்ன ராத்திரியில் தொடங்கியவை.

யாரையெல்லாம் பேசக் கூப்பிடுகிறீர்கள்? பெரிய ஆட்கள் வருவார்களா?

வருவார்கள். மாவட்ட அதிகாரிகளும் பேராசிரியர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் பெரிய ஆட்களின் பேச்சுகளில் மனதில் நிற்பது குறைவு. அவர்கள் எங்கும் பேசுவதையே இங்கும் பேசிவிட்டுப் போகிறார்கள். தன் கையால் ஒரு தொழிலைச் செய்பவர் முதல்முறையாக மைக் பிடிக்கும்போது ஐந்து நிமிஷம் தடுமாறுவார். ஆறாவது நிமிஷத்திலிருந்து எங்களில் ஒருவரும் போனை எடுக்க மாட்டோம்.

சமீபத்தில் வந்தவர்களைச் சொல்கிறேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயி ஒருவர். அணை 1906-இல் கட்டி முடிந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு ஷட்டர் திறந்த செய்தி பேப்பரில் வந்த பிறகும் தண்ணீர் தன் வயலுக்கு வர எத்தனை நாள் ஆகும், வழியில் எந்தெந்தக் கால்வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி ஒருவர், பரதநாட்டியத் தலைசாமான் ஒன்றைத் துண்டுதுண்டாகக் கொண்டுவந்து கண்முன்னே கோத்துக் காட்டினார். தேரூர் குளத்தில் பறவை எண்ணும் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். சுசீந்திரம் தேரூர் சதுப்புநிலமும் வேம்பனூரும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது அவன் சொல்லும்வரை எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தினமும் அந்தக் குளத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறோம்.

பேச்சாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: கையில் ஒரு பொருள் கொண்டு வாருங்கள். வலை ஊசியோ, பால்வெட்டுக் கத்தியோ, ரசீதுப் புத்தகமோ, என்னவானாலும் சரி. ஸ்லைடு வேண்டாம். எங்கள் அரங்கில் புரொஜக்டர் வேலை செய்வதும் செய்யாததும் ஆண்டவன் செயல்.

மீனவர்களைக் கூப்பிட எந்த மாதம் நல்லது?

இது கொஞ்சம் விசித்திரமான கேள்வியாகத் தெரியலாம். பக்கத்து மாவட்டச் சங்கத்தார் ஒருவர் கேட்டது. நம் மாவட்டத்தில் இதற்கு இரண்டு பதில்.

சின்னமுட்டம் படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம்: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் விசைப்படகுகளுக்கு இரண்டு காலண்டர். எனவே சின்னமுட்டம் பக்கத்தவரை மே மாதத்திலும், குளச்சல் பக்கத்தவரை ஜூலையிலும் கூப்பிட்டால் ஆள் கிடைப்பார். மற்ற மாதங்களில் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல்காரர்கள் வாரக்கணக்கில் கடலில்தான் இருப்பார்கள்.

ஒரு ஜூலையில் அப்படி வந்த ஒரு பெரியவர் ஒக்கி புயலைப் பற்றிப் பேசினார். 2017 நவம்பர் 30. புயல் எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் படகுகள் கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தன. கரையில் ரேடியோவில் சொன்னது அங்கே யாருக்கும் எட்டவில்லை. அவர் பேசி முடித்ததும் கேள்வி நேரத்தில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அன்றைக்குச் சார்ஜென்ட் உண்டியலையும் எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் பேசலாம்? பொன்னாடை, சன்மானம் உண்டா?

25 நிமிஷம் பேச்சு, 10 நிமிஷம் கேள்வி. இருபதாவது நிமிஷத்தில் சார்ஜென்ட் எழுந்து ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டுவார். அப்படியும் நிற்காதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சமையல்காரர் உள்ளேயிருந்து பாத்திரத்தை உருட்டுவார். இது திட்டமிட்டுச் செய்வதல்ல என்று சமையல்காரர் சத்தியம் செய்கிறார்.

அறிமுக உரை மூன்று வாக்கியம். அதற்கு மேல் போனால் அறிமுகம் செய்பவருக்கு அபராதம். பேச்சாளரின் பட்டங்களையும் விருதுகளையும் கால்மணி நேரம் படித்துவிட்டு அவருக்குக் கால்மணி நேரம் கொடுக்கும் கூட்டங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பொன்னாடையை நிறுத்திவிட்டோம். யாராவது ஒரு பேச்சாளர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். அதற்குப் பதில் ஒரு சீப்பு மட்டிப்பழம். வெளிமாவட்டத்துக்காரர்கள் முதலில் ‘என்ன இவ்வளவு சின்னப் பழம்’ என்று பார்ப்பார்கள். ரயில் வள்ளியூரைத் தாண்டுமுன் சீப்பு காலியாகிவிட்டது என்று ஒருவர் பிறகு போன் செய்தார்.

பணம் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சம்பளக்காரர்களுக்கும் வசதியானவர்களுக்கும் போக்குவரத்துச் செலவு மட்டும். தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர் வந்தால், மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் ஆனாலும் ஆகலாம் என்று ஒருநாள் கூலியையும் சேர்த்து உறையில் வைப்போம். இதை ஆரம்பத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி ‘வாறதுக்கு ஒண்ணுமில்ல சார், நாளைக்கு சோலிக்குப் போகணும்லா’ என்று தயங்கிய பிறகுதான் உறைத்தது.

எதைப் பற்றிப் பேசக் கூடாது?

கட்சி அரசியல், மதப் பிரசாரம், பொருள் விற்பனை மூன்றும் கூடாது.

மூன்றாவதில்தான் அடிக்கடி ஏமாறுகிறோம். ‘குடிநீரும் சிறுநீரகமும்’ என்று தலைப்புக் கொடுத்த ஒருவர், பத்தாவது நிமிஷத்தில் பையிலிருந்து ஒரு வடிகட்டும் இயந்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இருபதாவது நிமிஷத்தில் மாதத் தவணை சொன்னார். இரண்டு உறுப்பினர்கள் வாங்கியும்விட்டார்கள். ஒன்று இப்போது அரிசிப் பானைக்கு மூடி தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு முன்னாடியே நேரில் போய் ஒரு டீ குடித்துப் பேசிப் பார்க்காமல் யாரையும் அழைப்பதில்லை.

மதம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறோம். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பார்த்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். இந்தச் சங்கத்தில் கோயில் டிரஸ்டியும் சபை ஊழியரும் பள்ளிவாசல் நிர்வாகியும் ஒரே மேசையில் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது கெடக் கூடாது. இறைவணக்கத்தைக்கூட எந்தச் சாமி பேரும் சொல்லாமல்தான் எழுதி வைத்திருக்கிறோம். அதற்காக வரலாறு பேசக் கூடாது என்று இல்லை. நெய்யூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாமர்வெல் 1920-களில் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர் என்று ஒரு ஆசிரியர் சொன்னபோது மூன்று மதத்தாரும் ஒன்றாக வாயைப் பிளந்தோம்.

வெளியில் போகும் வாரங்களில் என்ன வேலை?

பெரும்பாலும் பள்ளிக்கூடம், கண் பரிசோதனை, குளக்கரை.

கண் பரிசோதனை முகாமில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று. புரை இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த முதியவர்களில் பலர் அறுவைக்கு வரவேயில்லை. சிகிச்சை இலவசம், பஸ்ஸும் இலவசம், அப்படியும் வரவில்லை. ஒரு செவிலியர் வந்து பேசியபோது காரணம் தெரிந்தது. ‘பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் வீட்டில் ஆடு யார் பார்ப்பது? சொட்டு மருந்து யார் விடுவது?’ இதுதான் பிரச்சினை. இப்போது முகாம் முடிந்ததும் ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு உறுப்பினர் பொறுப்பு. வீட்டுக்குப் போய், கூட வர ஆள் பேசி, சொட்டு மருந்து நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வருவார்கள். ஆடு பார்த்த உறுப்பினரும் உண்டு. பெயர் சொன்னால் கோபிப்பார்.

கண்தானம் பற்றியும் அந்த வீடுகளில் பேசுகிறோம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். இதைத் துக்கவீட்டில் போய்ச் சொல்ல முடியாது, நல்லா இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும்.

மரம் நடுவீர்களா?

நடுவோம், ஆனால் உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று மாவட்டம் முழுக்க ஒரே நாளில் நடுவதை நிறுத்திவிட்டோம். ஜூனில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மழை கொட்டும்போது ஆரல்வாய்மொழியில் காற்றுதான் கொட்டும். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்தக் காற்றில் இளங்கன்று பத்து நாள் தாங்காது. கிழக்குப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் நடவுக்காலம். இதை எங்களுக்குச் சொன்னவர் வனத்துறை அதிகாரி இல்லை, நாங்கள் நட்டதெல்லாம் காய்ந்து போவதை இரண்டு வருஷம் எதிரே டீக்கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அவரையும் ஒரு செவ்வாய் மேடை ஏற்றினோம்.

போலியோதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இந்தியாவில் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று வந்தது. ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, 1985-இல் உலகம் முழுவதற்குமான திட்டமாக ஆக்கிய வேலை அது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் சுற்றுகிறது. ஒரு விமானப் பயணத் தூரம்தான். அதனால் சொட்டு மருந்து நாளில் வடசேரி, மார்த்தாண்டம் பஸ் நிலையங்களில் இன்னும் நிற்கிறோம்.

பெண்கள் சேரலாமா?

தாராளமாக. 1989 வரை ரோட்டரி ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விதி மாறியது. பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் சங்கத்திலும் ரொம்ப நாள் பெண்கள் என்றால் உறுப்பினரின் மனைவிமார், அதாவது ‘ஆன்ஸ்’, என்றுதான் நினைப்பு. இப்போது உறுப்பினராகவே வருகிறார்கள். நோட்டில் ரத்தக் கணக்குப் போடுவது ஒரு மருந்துக்கடை நடத்தும் அக்காதான். அவர் லீவு எடுத்தால் எங்களுக்கு ஒன்றும் ஓடாது.

மாணவர்களுக்கு இடம் உண்டா?

12 முதல் 18 வயது வரை இன்டராக்ட், 18-க்கு மேல் ரோட்டராக்ட். பள்ளியிலோ கல்லூரியிலோ அந்தச் சங்கம் இல்லாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், தொடங்க வழி சொல்கிறோம்.

பேச்சாளர் வராமல் போனால்?

வருஷத்தில் நான்கைந்து தடவை நடக்கும். மழை, மறியல், மாப்பிள்ளை வீட்டார் வருகை, ஏதாவது ஒன்று. அப்போது உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேசுவார். ரோட்டரியில் இதற்கு வகுப்புரை என்று பெயர். சேர்ந்த ஒவ்வொருவரும் ஒருமுறை பேச வேண்டும்.

உண்மையைச் சொன்னால் இவற்றில் சில, அழைத்து வந்த பேச்சுகளைவிட நன்றாக இருந்திருக்கின்றன. அண்டி ஆபீஸ் நடத்தும் ஒருவர், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், தன் லாபநஷ்டத்தைப் பேசுவார் என்று நினைத்தோம். அவர் ஓட்டு எண்ணெயைப் பற்றிப் பேசினார். கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். பெண்கள் கையில் சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். கையுறை கொடுத்தால் விரல் வேகம் குறைகிறது, உடைக்கும் எடைக்குத்தான் கூலி என்பதால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ‘நானே கொடுக்கேன், நானே எடைக்குக் கூலி வைக்கேன். பிறகு எப்படிப் போடுவாங்க?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் நால்வழிச் சோதனையின் இரண்டாவது கேள்விக்கு முதல்முறையாக ஒரு உடம்பு வந்தது போல இருந்தது. அவர் இப்போது கூலி முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்படிப் போகிறது என்று வருகிற மாசி மாதம் மறுபடி பேசச் சொல்லியிருக்கிறோம்.

அபராதம் என்கிறீர்களே, அது என்ன?

சார்ஜென்ட்டின் விளையாட்டு. பேப்பரில் படம் வந்தால் அபராதம், புதுக் கார் வாங்கினால் அபராதம், மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் பெரிய அபராதம். கூட்டத்தில் போன் அடித்தால் நூறு ரூபாய். நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 போன்ற உள்ளூர்த் தேதிகளைக் கேட்டு, தெரியாதவர்களுக்கும் போடுவார். ஆலங்கட்டி மழை மாதிரி யார் தலையில் விழும் என்று தெரியாது. சேர்கிற பணம் பள்ளிக்கூடக் கணக்குக்குப் போகிறது.

கூட்டம் எந்த மொழியில்? ஆங்கிலம் தெரியாவிட்டால்?

தமிழ். விளவங்கோடு பக்கத்து உறுப்பினர்கள் இடையில் மலையாளத்துக்குத் தாவுவார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. மேலிடத்திலிருந்து வரும் கடிதங்கள் ஆங்கிலம். அதைச் செயலாளர் படித்து முடிக்கும்போது பாதிப்பேர் சாப்பாட்டு மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடு என்ன?

இதைக் கேட்பவர்கள் உண்மையானவர்கள். சாதாரண வாரத்தில் சப்பாத்தி, குருமா, தயிர்சாதம். பேச்சாளர் வெளியூர்க்காரர் என்றால் ரசவடை கட்டாயம். ஞாயிறு வெளிவேலை முடிந்தால் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும், சைவர்களுக்குக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. ஹோட்டலில் நடத்தி வந்த காலத்தில் சந்தாவில் பாதி சாப்பாட்டுக்கே போனது. சமையல்காரரை அமர்த்திய பிறகு செலவும் குறைந்தது, உப்பும் சரியானது.

வந்து பார்க்க முன் அனுமதி வேண்டுமா?

உறுப்பினர் யாரையாவது தெரிந்தால் அவரோடு வாருங்கள். தெரியாவிட்டாலும் வரலாம். வாசலில் இருப்பவரிடம் பெயரைச் சொன்னால் போதும். மூன்று கூட்டம் விருந்தினராக உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்தால் பேசலாம். பிடிக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். இன்னும் கடைத்தெருவில் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார்கள்.

பேச்சாளராக ஒருவரைச் சொல்லலாமா?

சொல்லுங்கள், அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷமாகப் பனையேறி ஒருவரைத் தேடுகிறேன். அகஸ்தீஸ்வரம் பக்கம் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். ‘விடியக்காலம் ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஏறணும், ராத்திரி ஏழரைக்கு உங்க கூட்டத்துக்கு எப்படி வாறது?’ என்று கேட்டார்கள். சரிதான். ஆள் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அந்த வாரம் மணியையும் உண்டியலையும் தூக்கிக்கொண்டு நாங்கள் பனைவிளைக்கு வந்துவிடுகிறோம்.